முறை தெரிந்தால் மோதல் குறையும்: பழவேற்காட்டுப் ‘பாடு’ தரும் பாடம்



சரக்குப் பிடிப்பது ஒரு கஷ்டம் என்றால், ஆட்களை வைத்து வேலை வாங்குவது அதைவிடப் பெரிய கஷ்டம். இதை நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிவோம். காலை ஆறு மணிக்கு லாரி வந்து நிற்கும். கடையில் நான்கு ஆட்கள் இருப்பார்கள். “நேத்தும் நான்தான் மூட்டை இறக்குனேன் அண்ணாச்சி, இன்னைக்கும் நானா?” என்று ஒருவர் கேட்பார். எடை போடுகிறவர் கல்லாவைப் பார்ப்பார். கல்லாவில் இருப்பவர் தெருவைப் பார்ப்பார். கடைசியில் முதலாளியே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டைக்குத் தோள் கொடுப்பார்.

இது ஒரு கடைக்குள் நடப்பது. பல கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போது சிக்கல் இன்னும் பெரிது. எங்கள் ஊரில் நாங்கள் ஏழு மளிகைக் கடைக்காரர்கள் சில ஆண்டுகளுக்கு முன் கூட்டுக் கொள்முதல் தொடங்கினோம். துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை ஆகியவற்றை லோடாக எடுத்தால் மூட்டைக்கு விலை குறையும், லாரி வாடகையும் பங்காகிவிடும் என்பது கணக்கு. கணக்கில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஆறாவது மாதம் காரியம் கெட்டது.

எப்படிக் கெட்டது? தரகர்களைத் தெரிந்தவர் என்பதால் ஒரே நண்பர்தான் ஒவ்வொரு முறையும் மார்க்கெட்டுக்குப் போய் வந்தார். “என் கடை வியாபாரம் போகிறது, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை” என்பது அவர் மனக்குறை. “அவருக்கு மட்டும் தனியாகக் கமிஷன் கிடைக்கிறதோ” என்பது மற்றவர்களின் சந்தேகம். லாரி எந்தக் கடையில் முதலில் நிற்கிறதோ அந்தக் கடைக்கு நல்ல மூட்டை, கடைசிக் கடைக்குக் கிழிந்த மூட்டை. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை, பேசவும் இல்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் பந்தி பரிமாறிய இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயின. மூட்டைக்கு மிச்சப்பட்ட சில ரூபாய்க்காக ஓர் உறவே போனது.

அந்தச் சமயத்தில் வேறு வேலையாகப் பழவேற்காடு பக்கம் போயிருந்தோம். ஏரிக்கரையில் நாங்கள் கேட்டறிந்த ஒரு பழைய வழக்கம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஏரியும் ஊரும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், ஒரு பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது.

வியாபாரிகளுக்கு இது புதிய ஊர் அன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து, 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலத் துணி வியாபாரத்தை நடத்தினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. டச்சு வியாபாரம் போய்விட்டது. மீன்பிடிப்பு மட்டும் இன்றுவரை நடக்கிறது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் வழியாக இறால் குஞ்சுகள் உள்ளே வந்து, வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்பும். நீரோட்டம் இழுக்கும் இடத்தில் கம்பு நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். ஆனால் அப்படிப்பட்ட நல்ல இடங்கள் கொஞ்சமே. வலை வைத்திருப்பவர்களோ பலர். கடைத்தெருவில் மூலைக்கடை ஒன்றே இருக்க, அதைக் கேட்டு நூறு பேர் வந்து நின்றால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே உள்ள நிலைமை.

பாடு என்பது என்ன?

மீனவர்கள் “இன்றைக்கு மீன்பாடு எப்படி?” என்று கேட்பதை நாம் கேட்டிருப்போம். பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வலை கட்டும் இடத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கே பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் இந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது.

அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி இருக்கும். முதலில், ஊர்க் கணக்கில் சேர்ந்த தலைக்கட்டுகளின் பட்டியல். பட்டியலில் பெயர் உள்ளவருக்கே பாட்டில் உரிமை. இரண்டாவது, வலை கட்டும் இடங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும்படி முன்னாலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, யாருக்கு எந்த இடம், எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். பிறகு முறை சுற்றி வரும். நான்காவது, வலையில் விழுந்தது முறைக்காரருக்கே சொந்தம். குறைவாக விழுந்தாலும் அவர் பாடுதான். ஐந்தாவது, மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிடித்த இறாலை அவர்கள் பொதுவில் கொட்டிப் பங்கு போடவில்லை. பிடிக்கும் வாய்ப்பைத்தான் பங்கு போட்டார்கள். லாபத்தைப் பங்கு போடும்போதுதான் “நீ எவ்வளவு செய்தாய், நான் எவ்வளவு செய்தேன்” என்ற பேச்சு வரும். வாய்ப்பையும் சுமையையும் முன்கூட்டியே பங்கு போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. எங்கள் கூட்டுக் கொள்முதலில் நாங்கள் விலையைப் பங்கு போட்டோம், சிரமத்தைப் பங்கு போடவில்லை. கெட்டதற்குக் காரணம் அதுதான் என்பது ஏரிக்கரையில்தான் எங்களுக்கு விளங்கியது.

கடல் கடந்தும் இதே வழி

இது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம். துருக்கி நாட்டில் அலன்யா என்னும் கடற்கரை ஊரில் மீனவர் சுமார் நூறு பேர். 1970-களின் தொடக்கத்தில் நல்ல இடத்துக்காக அவர்களுக்குள் அடிதடி நடந்தது. இடம் பிடிக்கும் போட்டியில் செலவும் கூடிக்கொண்டே போனது. உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தார் ஒரு முறையைக் கொண்டு வந்தார்கள். செப்டம்பரில் மீனவர் பட்டியல் தயாராகும். மீன்பிடி இடங்களுக்கும் பெயரிட்டுப் பட்டியல் போடுவார்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம் கொடுப்பார்கள். ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஓர் இடம் கிழக்கே நகர்வார்கள். பிறகு மே மாதம் வரை மேற்கே நகர்வார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் வந்து சேரும். சச்சரவு வந்தால் ஊர்க் காபிக் கடையில் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

அமெரிக்கப் பேராசிரியை எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த அலன்யா ஏற்பாட்டை விரிவாக எழுதினார். பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய ஆய்வுகளுக்காக 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அலன்யாக்காரர்கள் இந்த முறையைச் செம்மைப்படுத்தப் பத்தாண்டுகளுக்கு மேல் முயன்று பார்த்துத் திருத்தினார்கள் என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். முதல் மாதத்திலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறும் நமக்கு இது ஒரு பாடம்.

இனி, பாட்டின் ஐந்து அங்கங்களையும் நம் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. பட்டியல்

ஒரு காரியத்தில் யார் யார் என்பது முதலில் எழுத்தில் இருக்க வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது எத்தனையோ கடைகளில் கம்ப்யூட்டர் பில் போடும் வேலை திடீரென்று வந்து சேர்ந்தது. பொருள்களின் வரி விகிதத்தை யார் ஏற்றுவது, பழைய ஸ்டாக்கை யார் எண்ணுவது என்று பெயர் குறிக்காத கடைகளில், முதலாளி கணக்கப்பிள்ளை செய்வார் என்றும், கணக்கப்பிள்ளை முதலாளியின் மகன் செய்வான் என்றும் இருந்துவிட்டார்கள். “எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்ன வேலையை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே தீபாவளிக் கொள்முதலானாலும், மார்ச் 31 ஸ்டாக் கணக்கானாலும், கடை இடம் மாற்றுவதானாலும், முதல் நாளே ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்.

2. இடம்

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எல்லை சொல்ல வேண்டும். “குடோன் வேலை” என்று மொத்தமாகச் சொல்வது போதாது. லாரியிலிருந்து இறக்குவது, மூட்டையை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்ப்பது, அடுக்குவது, பழைய மூட்டையை முன்னால் நகர்த்துவது, எலிக்கும் ஈரத்துக்கும் காவல் பார்ப்பது என்று ஐந்து வேலைகள் அதற்குள் இருக்கின்றன. பிரித்து எழுதினால்தான் எது பாரமான வேலை, எது இலகுவான வேலை என்பது கண்ணுக்குத் தெரியும்.

3. முறை

பாரமான வேலை ஒருவர் தலையிலேயே விழக் கூடாது. இலகுவான வேலையும் ஒருவரிடமே தங்கக் கூடாது. வாரத்துக்கொரு முறை சுற்றி வரட்டும். தொடக்கத்தை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். முதலாளி சொன்னால் “அவனுக்கு வேண்டியவன்” என்ற பேச்சு வரும். சீட்டு சொன்னால் வராது. முறைத் தாளைக் கல்லாவுக்குப் பின்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

முறை முன்னாலேயே தெரிந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த வாரம் தனக்கு வேலை கடுமை என்று தெரிந்த ஊழியர் ஊருக்குப் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொள்வார். தம்முள் மாற்றிக்கொள்ளவும் செய்வார்கள். நாம் ஒவ்வொரு நாளும் பஞ்சாயத்துப் பேச வேண்டியதில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லா வேலையையும் சுழற்சியில் விட முடியாது. கல்லாவும் கடன் நோட்டும் பழகிய ஒருவர் கையில் இருப்பதே நல்லது. முறை என்பது யாரும் செய்யக்கூடிய, ஆனால் யாரும் விரும்பாத வேலைகளுக்கும், எல்லோரும் விரும்புகிற வாய்ப்புகளுக்கும் உரியது. தனித் திறமை வேண்டிய வேலைக்கு அது பொருந்தாது. அப்படிப்பட்ட வேலைக்கும் இரண்டாவதாக ஓர் ஆளைப் பழக்கி வைப்பது முதலாளியின் கடமை.

4. பொறுப்பு

முறை வந்தவருக்கு அந்தக் காரியம் முழுவதும் சொந்தம். பழவேற்காட்டில் முறைக்காரர் வலை கட்டிய பிறகு பக்கத்து ஓடக்காரர் வந்து கம்பை நகர்த்துவதில்லை. நம் கடையில் என்ன செய்கிறோம்? டெலிவரிப் பொறுப்பை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, நடுவில் “அதை விடு, இதை எடு” என்று நான்கு தடவை மாற்றுகிறோம். மாலையில் சரக்கு போய்ச் சேரவில்லை என்று அவனையே திட்டுகிறோம். பொறுப்பைக் கொடுத்தால் சாயங்காலம் வரை கை வைக்காமல் இருக்க வேண்டும். கணக்கை மட்டும் கேட்க வேண்டும்.

5. தவறினால்

முறை தவறினால் என்ன என்பதையும் முதல் நாளே பேசி வையுங்கள். அபராதம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த முறையும் அவரே செய்ய வேண்டும் என்பது போதும். தவறு நடந்த பிறகு, கோபத்தில் விதிக்கும் தண்டனை எப்போதும் அளவு மீறிப் போகும். அந்தக் கோபத்தில் நல்ல ஊழியர் ஒருவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

பாடு திணறிய இடம்

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் குறையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. குறையிலிருந்துதான் நாம் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டும்.

1970-களிலிருந்து இறால் ஏற்றுமதி பெருகி விலை ஏறியது. அதுவரை வேறு தொழிலிலும் வேறு வகை மீன்பிடிப்பிலும் இருந்தவர்கள் இறாலுக்கு வந்தார்கள். பாட்டில் பெயர் உள்ளவர்களோ குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சமூகத்தின் தலைக்கட்டுகள். பட்டியலுக்கு வெளியே நின்றவர்களும் ஏரியை நம்பிப் பிழைப்பவர்களே. வலை இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் அந்தக் கரையில் உண்டு. “ஏரி எல்லோருக்கும் பொதுதானே, எங்களுக்கு ஏன் முறை இல்லை?” என்ற கேள்வி எழுந்தது. ஊர்களுக்கிடையே தகராறுகள் வந்தன. அதிகாரிகள் தலையிட வேண்டியதாயிற்று. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமாகப் பட்ட அதே பட்டியல், வெளியே நிற்பவர்களுக்கு அடைத்த கதவாகத் தெரிந்தது.

இன்னொரு சிரமமும் உண்டு. முகத்துவாரம் மணல் மூடிப் போகும்போது கடல் நீர் ஏரிக்குள் வருவது குறைந்து, இறால் வரத்தும் குறைகிறது. முறை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், இல்லாத இறாலை அது கொண்டுவராது. குறைந்ததைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள மட்டுமே அது உதவும்.

இதிலிருந்து நமக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். கடையில் புதிதாகச் சேர்ந்த பையனை எல்லாப் பாரமான வேலைக்கும் தள்ளிவிட்டு, “நாங்களும் அப்படித்தான் வந்தோம்” என்று பழைய ஆட்கள் சொன்னால், அவன் ஆறு மாதத்தில் போய்விடுவான். சங்கத்திலும் அப்படித்தான். புதிதாகக் கடை வைத்தவருக்கு இடம் கொடுக்காத கூட்டுக் கொள்முதல், நாளைக்கு அவரையே போட்டிக் கூட்டம் சேர்க்க வைக்கும். இரண்டு, வியாபாரம் குறைந்ததற்கு ஆட்கள்மேல் பழி போட வேண்டாம். தெருவில் புதிய பெரிய கடை வந்ததால் குறைந்த விற்பனையை, முறைத் தாள் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அதற்கு வேறு யோசனை வேண்டும்.

மறுபடியும் தொடங்கினோம்

ஊருக்குத் திரும்பியதும் ஏழு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார வைத்தோம். பேசாமல் இருந்த இருவரும் வந்தார்கள், ஆனால் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஏரிக் கதையைச் சொன்னோம். மார்க்கெட்டுக்குப் போவது மாதம் ஒருவர், துணைக்கு அடுத்த மாத முறைக்காரர். போகிறவருக்குப் போக்குவரத்துச் செலவும், கடை மூடியதற்கு ஒரு தொகையும் பொதுக் கணக்கிலிருந்து. லாரி நிற்கும் வரிசை ஒவ்வொரு லோடுக்கும் ஓர் இடம் நகரும். கிழிந்த மூட்டையின் நஷ்டம் ஏழு பங்கு. பில் நகல் எல்லோருக்கும். சீட்டு எழுதிக் குலுக்கினோம்.

ஒருவர் “எனக்கு மார்க்கெட் அலைச்சல் ஒத்துவராது” என்று விலகிக்கொண்டார். அவர்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. முதல் இரண்டு மாதங்கள் பழகாதவர்கள் போனதால் விலை சற்றுக் கூடுதலாகவே அமைந்தது. ஆனால் தரகரிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பழைய நண்பர் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே கரைந்தது. மூன்றாவது மாதம் முறைக்காரரும் துணைக்காரருமாக அமைந்தவர்கள், பேசாமல் இருந்த அந்த இருவர்தான். அதுவும் சீட்டின் வேலை. லாரியில் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள், இறங்கும்போது சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் ஆறு கடைகளோடு நடக்கிறது.

கிளைச் சங்கக் கூட்டத்தில் பேச

1. உங்கள் கடையில் யாரும் விரும்பாத வேலைகள் மூன்றைச் சொல்லுங்கள். கடந்த மாதம் அவற்றைச் செய்தவர் யார்?

2. வரும் பண்டிகைக் கொள்முதலுக்கு யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிய தாள் உங்களிடம் இருக்கிறதா?

3. உங்கள் கடைப் பட்டியலிலோ, சங்கப் பட்டியலிலோ இடம் இல்லாமல் வெளியே நிற்பவர் யார்? அவருக்கு எப்போது முறை வரும்?

வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அடுத்த சீசனில் ஈடுகட்டலாம். கூட இருப்பவர்களின் நம்பிக்கை போனால் அதை ஈடுகட்ட எந்த மண்டியிலும் சரக்கு இல்லை. பழவேற்காட்டு மீனவர்கள் அலைமேல் செய்த ஏற்பாட்டை, நாம் தரைமேல் செய்ய முடியாதா? இந்த வாரமே ஒரு தாளும் பேனாவும் எடுத்து, ஒரே ஒரு வேலைக்காவது முறை எழுதிப் பாருங்கள்.